மீத்திறன் மாணவர்களுக்கான ஆன்லைன் ஆசிரியர் பயிற்சி: முடித்தவர்கள் சொல்லுங்கள், வகுப்பில் ஏதாவது மாறியதா?

வெண்பலகை:

எல்லோருக்கும் வணக்கம். ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன், இந்த வேலைக்கு வந்து 11 வருடம் ஆகிறது. என் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். நான் போர்டில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைப் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவான். மீதி நேரமெல்லாம் பக்கத்தில் இருப்பவனைச் சீண்டுவது, பேனாவைக் கழற்றி மாட்டுவது. சும்மா இருக்க விடக்கூடாது என்று அதே மாதிரி இன்னும் 20 கணக்கு கொடுத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் ஒருநாள் நோட்டை மூடி வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டான்: "சீக்கிரம் போட்டா எனக்கு மட்டும் எதுக்கு டீச்சர் கூட வேலை?"

அன்றிலிருந்து அந்தக் கேள்வி மனசை விட்டுப் போகவில்லை. மெதுவாகப் போட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்பதைத்தான் இத்தனை நாளும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

தலைமையாசிரியரிடம் பேசினேன், மீத்திறன் பிள்ளைகளுக்கு, அதாவது வயதை மிஞ்சிய திறன் உள்ளவர்களுக்கு, எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று ஆன்லைனில் ஏதாவது பயிற்சி எடுங்கள் என்றார். தேடியதில் இரண்டு கண்ணில் பட்டன. ஒன்று, பதிவு செய்த வீடியோக்கள், மொத்தம் 12 மணி நேரம், ஒவ்வொரு மாட்யூல் முடிவிலும் குவிஸ், கடைசியில் சர்டிபிகேட். இன்னொன்று 8 வாரம், வாரம் ஒரு நேரடி வகுப்பு, நடுநடுவே நம் வகுப்பிலேயே செய்து பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டிய வேலைகள். முதலாவது இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். இரண்டாவது பரீட்சை நேரத்தோடு மோதும். இந்த மாதிரிப் பயிற்சி எடுத்தவர்கள் யாராவது இருந்தால் உண்மையைச் சொல்லுங்கள், அதற்கப்புறம் உங்கள் வகுப்பில் ஏதாவது மாறியதா?


கணக்கு டீச்சர்:

இரண்டையும் எடுத்தவள் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எடுத்தது வீடியோ பயிற்சி. ரென்சுல்லியின் மூன்று வளையங்கள் (அமெரிக்கக் கல்வி உளவியலாளரான அவர் 1978-இல் சொன்னது: சராசரிக்கு மேற்பட்ட திறன், படைப்பாற்றல், எடுத்த காரியத்தை விடாத ஈடுபாடு, மூன்றும் சேரும் இடத்தில்தான் மீத்திறன் வெளிப்படுகிறது), அப்புறம் கான்யே என்ற கனடாக்காரர் இயல்பாக இருக்கும் திறனையும் பயிற்சியால் வளர்ந்த திறமையையும் பிரித்துக் காட்டியது, இதையெல்லாம் படித்தேன். நல்ல விஷயங்கள்தான். குவிஸில் முழு மதிப்பெண் வாங்கினேன். திங்கட்கிழமை வகுப்புக்குப் போய் வழக்கம்போலவே பாடம் எடுத்தேன். அடுத்த திங்கட்கிழமையும் அப்படியே. பயிற்சியில் கேட்டது எதுவும் என் கைக்கு வரவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து இரண்டாவது மாதிரிப் பயிற்சி எடுத்தேன். அதில் முதல் வாரம் விரிவுரையே இல்லை. மூன்று பிள்ளைகளைத் தேர்ந்தெடுங்கள் என்றார்கள். ஒருவர், நீங்கள் மீத்திறன் உள்ளவர் என்று உறுதியாக நம்பும் பிள்ளை. இன்னொருவர், அப்படி நீங்கள் ஒருபோதும் நினைத்திராத பிள்ளை. மூன்றாமவர் உங்களுக்கு எரிச்சல் தரும் பிள்ளை. ஒரு வாரம் இந்த மூவரையும் தினமும் பத்து நிமிடம் கவனித்து, கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். "சோம்பேறி" என்று எழுதக்கூடாது, "நான்கு கணக்கில் இரண்டைப் போட்டுவிட்டு நிறுத்தினாள்" என்று எழுத வேண்டும்.

நான் நினைத்திராத பிள்ளையாக ஒரு அமைதியான பெண்ணை எடுத்துக்கொண்டேன். எப்போதும் 60, 65 வாங்குவாள். மூன்றாம் நாள் அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். வகுப்பில் நான் சொன்ன விதி எந்த எண்களுக்குப் பொருந்தாமல் போகும் என்று அவளாகவே தேடிக்கொண்டிருந்தாள், ஒன்றரைப் பக்கத்துக்கு. தேர்வில் மதிப்பெண் குறைந்ததற்குக் காரணம் படிகளை எழுதாமல் விட்டது. அதற்கு மதிப்பெண்ணை வெட்டியதும் நான்தான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்து நான் கற்றுக்கொண்டது ஒரு சின்னச் செயல், வெண்பலகை டீச்சர் நீங்கள் நாளைக்கே செய்து பார்க்கலாம். வீட்டுப்பாடமாகக் கொடுக்கப்போகும் கணக்குகளில் மிகக் கடினமான ஐந்தில் நட்சத்திரம் போடுங்கள். யார் வேண்டுமானாலும் அந்த ஐந்தையும் முதலில் முயன்று பார்க்கலாம். வகுப்பு முடிவதற்குள் ஐந்தில் நான்கு சரியாக வந்துவிட்டால் அவர்களுக்கு மீதிக் கணக்குகள் தேவையில்லை, அந்த நேரம் அவர்களுடையது. கிடைக்கும் நேரத்தில் செய்ய உண்மையிலேயே யோசிக்க வைக்கும் ஒரு வேலையை நீங்கள் முன்பே தயாராக வைத்திருக்க வேண்டும், அதுதான் கஷ்டமான பகுதி. சும்மா கதைப் புத்தகம் எடுத்துப் படி என்றால் அது இரண்டு வாரத்தில் சலித்துவிடும்.

தெரிந்த பாடத்தை மறுபடி சொல்லாமல் சுருக்குவது ரென்சுல்லி குழுவினர் வளர்த்த முறை. 1990-களின் தொடக்கத்தில் அவர்கள் செய்த ஆய்வில், தேர்ந்தெடுத்த மாணவர்களுக்கு ஆசிரியர்கள் வழக்கமான பாடத்தில் ஏறத்தாழ 40 முதல் 50 சதவீதம் வரை நீக்கினார்கள். தேர்வில் அந்த மாணவர்களின் மதிப்பெண் குறையவில்லை. பாதிப் பாடம்! அந்தப் பிள்ளைகள் அத்தனை நாளும் ஏற்கனவே தெரிந்த ஒன்றுக்காகக் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார்கள்.


நான்காம் பீரியட்:

மேலே எழுதியவர்கள் மேல் மரியாதை உண்டு, ஆனால் எனக்கு ஒத்துக்கொள்ள முடியவில்லை. 45 பேர் இருக்கும் வகுப்பு, ஒரு நாளைக்கு ஆறு பீரியட், அதில் பதினைந்து பேருக்கு வகுத்தலே தடுமாறுகிறது. மெல்லக் கற்கும் பிள்ளைகளை மேலே கொண்டுவருவதற்கே நேரம் போதவில்லை. மீத்திறன் உள்ளவன் எப்படியும் படித்துக்கொள்வான், அவனுக்கு நான் இல்லாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது. வகுத்தல் தெரியாத பிள்ளைக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

இன்னொன்று. இந்தப் பயிற்சிகள் எல்லாமே வேலை நேரத்துக்கு வெளியேதான் நடக்கின்றன. இரவு ஒன்பது மணிக்கு வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டு, விடைத்தாள் கட்டு ஒரு பக்கம் கிடக்க, ஃபோனில் நேரடி வகுப்பில் உட்கார்ந்தால் தலைக்குள் என்ன ஏறும்? போன வருடம் வேறொரு பயிற்சிக்கு வீடியோவை ஓடவிட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டு மதிப்பெண் பட்டியல் போட்டேன். நான் மட்டுமில்லை, ஸ்டாஃப் ரூமில் பாதிப் பேர் அப்படித்தான் செய்தோம். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, எங்களுக்கு வேறு வழியில்லை.


தேன்சிட்டு:

நான் ஆசிரியர் இல்லை, ஒரு அம்மா. இங்கே எழுதலாமா என்று தெரியவில்லை, ஆனால் "எப்படியும் படித்துக்கொள்வான்" என்ற வரியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் மகள் நான்கு வயதில் தானாகவே படிக்க ஆரம்பித்தாள். இரண்டாம் வகுப்பில் கை தூக்கிக்கொண்டே இருப்பாள். "நீ சும்மா இரு, மற்றவர்களுக்கும் வாய்ப்பு வேண்டும்" என்று தினமும் அவளிடம் சொன்னார்கள். அதில் தப்பில்லை, மற்ற பிள்ளைகளுக்கும் வாய்ப்பு வேண்டும்தானே. ஆனால் அவளுக்கு அதற்குப் பதிலாக எதுவும் கிடைக்கவில்லை. நான்காம் வகுப்பில் கை தூக்குவதை நிறுத்தினாள். ஆறாம் வகுப்பில் வேண்டுமென்றே இரண்டு விடையைத் தப்பாக எழுதிவிட்டு வந்தாள், தோழிகளோடு ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக. எட்டாம் வகுப்பில் உண்மையிலேயே கடினமான பாடம் வந்தபோது அவளுக்கு உட்கார்ந்து முயலத் தெரியவில்லை, ஏனென்றால் அதுவரை எதற்கும் முயல வேண்டியே இருந்ததில்லை. "நான் முட்டாள் அம்மா" என்று அழுதாள்.

சார், அவள் படித்துக்கொள்ளவில்லை. பள்ளியில் யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை, எல்லோரும் நல்லவர்கள். "நல்லாத்தானே படிக்கிறா, என்ன பிரச்சினை" என்று அன்பாகத்தான் கேட்டார்கள். அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.


பயிற்றுநர்:

தேன்சிட்டு மேடம், தாராளமாக எழுதுங்கள். நீங்கள் சொன்னது எங்கள் பயிற்சியில் ஒரு முழு வாரத்துக்கான பாடம்.

நான் ஆசிரியர்களுக்கு இணையவழிப் பயிற்சி நடத்தும் வேலையில் இருக்கிறேன், எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. நான்காம் பீரியட் சார் சொன்ன களைப்பு உண்மை. வெறும் வீடியோவாக இருந்தால் அதற்கு என்ன கதி ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்திய திறந்த ஆன்லைன் படிப்புகளை ஆராய்ந்து 2019-இல் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரையில், 2017-18-இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3 சதவீதம் அளவுதான். உலகப் புகழ் பெற்ற இடங்களுக்கே இந்த நிலைமை.

அதற்காக ஆன்லைன் என்றாலே வீண் என்று சொல்லிவிட முடியாது. 2011-இல் அதே இதழில் இன்னொரு ஆய்வு வந்தது. 78 உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் கலந்துகொண்டார்கள். ஆசிரியர் தன் வகுப்பை வீடியோ எடுத்து அனுப்புவார், பயிற்சியாளர் அதிலிருந்து ஓரிரு நிமிடத் துண்டுகளை எடுத்துக் காட்டி, "இந்த இடத்தில் அந்த மாணவன் என்ன சொல்ல வந்தான், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்" என்று கேள்வியோடு திருப்பி அனுப்புவார், பிறகு ஃபோனில் பேசுவார்கள். ஏறத்தாழ எல்லாமே தூரத்திலிருந்து நடந்ததுதான். பலன் மாணவர்களின் மதிப்பெண்ணில் தெரிந்தது, அதுவும் பயிற்சி முடிந்ததற்கு அடுத்த வருடம். நூறு பேரைக் கீழிருந்து மேலாக வரிசைப்படுத்தினால், நடுவில் 50-ஆம் இடத்தில் இருந்த மாணவர் 59-ஆம் இடத்துக்கு ஏறியதற்குச் சமமான முன்னேற்றம். 2018-இல் இப்படிப்பட்ட வழிகாட்டுதல் பற்றிய 60 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நேரில் வந்து வழிகாட்டுவதற்கும் இணையவழியில் வழிகாட்டுவதற்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் பெரிய அளவில் நூற்றுக்கணக்கான ஆசிரியர்களுக்கு விரித்தபோது பலன் குறைந்துபோனது. யாரோ ஒருவர் உங்கள் வகுப்பை நிஜமாகவே பார்க்கிறாரா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

அதனால் வெண்பலகை டீச்சர், சேரும் முன் நடத்துபவர்களிடம் நேராகக் கேளுங்கள். நான் எழுதிக் கொடுப்பதை ஒரு மனிதர் படிப்பாரா, எத்தனை நாளில் பதில் வரும், ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை ஆசிரியர்கள் என்று. பதில் மழுப்பலாக இருந்தால் விட்டுவிடுங்கள். பாடத்திட்டத்தையும் பாருங்கள். "பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர்" என்று பிள்ளைகளைப் பிரிப்பதிலோ வலது மூளை இடது மூளை என்பதிலோ ஒரு மாட்யூலே போகிறது என்றால் எச்சரிக்கையாக இருங்கள். கற்றல் பாணி பற்றி 2008-இல் நான்கு உளவியலாளர்கள் ஆய்வுகளையெல்லாம் அலசிவிட்டு, அப்படிப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். இன்னமும் பல பயிற்சிகளில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் முதல்முறை நடத்தியபோது மூன்றாம் வாரத்திலேயே பாதிப் பேர் காணாமல் போனார்கள். பாடத்தை எளிமையாக்கிப் பார்த்தோம், நேரத்தை மாற்றிப் பார்த்தோம், பயனில்லை. அப்புறம் இரண்டு இரண்டு பேராகச் சேர்த்துவிட்டோம். ஒருவர் குறிப்பை இன்னொருவர் படித்து, வாரம் 20 நிமிடம் பேச வேண்டும். நமக்காக ஒருவர் காத்திருக்கிறார் என்று தெரிந்தால் வருகிறார்கள்.


பின்வரிசை:

இந்த இழையை நேற்றிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் சீக்கிரம் முடிக்கும் பிள்ளையைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் முடிக்காத பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பள்ளியில் எனக்கு வாசிப்பு வரவே இல்லை. எழுத்துகள் இடம் மாறும். ஒரு பத்தியைப் படிக்க மற்றவர்களைவிட மூன்று மடங்கு நேரம் ஆகும். அதனால் எல்லாப் பாடத்திலும் கடைசி வரிசை. ஆனால் வாயால் சொன்ன கணக்கை மனதிலேயே போடுவேன், உடைந்த ரேடியோவைப் பிரித்துச் சேர்ப்பேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஒரு குறையும் ஒரு மீத்திறனும் ஒரே பிள்ளையிடம் இருந்தால் ஒன்று மற்றதை மறைத்துவிடும், வெளியே பார்ப்பவருக்குச் சராசரி மாதிரித் தெரியும். கற்றல் குறைபாடு என்று எனக்கு 26 வயதில்தான் தெரிந்தது. இப்போது நானும் ஆசிரியன்.

போன வருடம் நான் எடுத்த ஆன்லைன் பயிற்சியில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்று இருந்தது ஒரே ஒரு சின்ன வீடியோ. மூன்று முறை பார்த்தேன். இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கக்கூடாதா என்று இருந்தது.

எப்படிக் கண்டுபிடிப்பது என்பதில் நாம் எவ்வளவு தவறுவோம் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1921-இல் லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர் கலிஃபோர்னியாவில் அறிவுத்திறன் தேர்வு வைத்து ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, வாழ்நாள் முழுக்க அவர்களைத் தொடர்ந்தார். அந்தத் தேர்வில் மதிப்பெண் போதவில்லை என்று விடுபட்ட இரண்டு சிறுவர்கள் வில்லியம் ஷாக்லியும் லூயி ஆல்வரெஸும். இருவரும் பின்னாளில் இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கினார்கள், 1956-இலும் 1968-இலும்.

ஆசிரியரும் பெற்றோரும் பரிந்துரைத்தால் மட்டும் சோதிப்பது என்று வைத்தால் இன்னும் மோசம். அமெரிக்காவில் ஃப்ளோரிடாவின் ஒரு பெரிய பள்ளி மாவட்டத்தில் முதலில் அப்படித்தான் இருந்தது. 2005-இல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே மாதிரி முதல்கட்டச் சோதனை வைத்தார்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளும் கறுப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைகளும் முன்பைவிட மிக அதிகமாகத் தெரியவந்தார்கள். தேறுவதற்கான அளவுகோலைத் தளர்த்தவில்லை. அந்தப் பிள்ளைகள் முன்பும் அதே பெஞ்சில்தான் இருந்தார்கள், யாரும் அவர்கள் பெயரைச் சொல்லவில்லை. பிறகு பணமில்லை என்று அந்தச் சோதனையை நிறுத்தியதும் எண்ணிக்கை மறுபடி கீழே போனது.

அதனால் எந்தப் பயிற்சியில் சேர்ந்தாலும் கண்டறிதல் பற்றிய பகுதியை அவசரமாகத் தாண்டாதீர்கள். தயவுசெய்து.


கணக்கு டீச்சர்:

பின்வரிசை சார், உங்கள் பதிவைப் படித்துவிட்டு என் பழைய மாணவர்கள் சிலரின் முகம் கண்முன் வந்து போகிறது. இப்போது போய்ச் சொல்ல முடியாத மன்னிப்புகள்.

மதிப்பெண்ணை வைத்துப் பார்ப்பது பற்றி ஒன்று. நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்று அந்தத் தாள் நமக்குச் சொல்லவே சொல்லாது, தாள் அங்கே முடிந்துவிட்டது, பிள்ளை முடியவில்லை. ஜூலியன் ஸ்டான்லி 1971-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய கணித மீத்திறன் ஆய்வில், கல்லூரியில் சேர எழுதும் சாட் தேர்வை 12, 13 வயதுப் பிள்ளைகளுக்கு வைத்தது இதற்காகத்தான். வழக்கமான தேர்வுகளில் எல்லோருமே மிக உயர்ந்த மதிப்பெண் வாங்கியவர்கள், அந்தத் தாளில் ஒருவருக்கொருவர் பெரிய இடைவெளி தெரிந்தது. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். அடுத்த வகுப்பின் அலகுத் தேர்வை ஒருமுறை கொடுத்துப் பார்த்தாலே நிறையத் தெரியும்.


வெண்பலகை:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். அந்தப் பையனின் அப்பா போன வாரம் வந்திருந்தார். "என் பையன் மீத்திறன் உள்ளவன் என்று எழுதிக் கொடுங்கள், இரண்டு வகுப்பு தாண்டிப் போடுங்கள்" என்கிறார். எனக்கோ பயமாக இருக்கிறது. சின்னப் பையன், பெரிய பிள்ளைகளோடு எப்படி இருப்பான்? அந்தப் பெயரை அவன் தலையில் வைப்பதும் நல்லதா? இன்னொன்று, வகுப்பை வீடியோ எடுப்பது என்கிறீர்களே, பிள்ளைகளின் முகம் அதில் வருமே?


பயிற்றுநர்:

வீடியோ கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன். பள்ளியிடமும் பெற்றோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்காமல் எடுக்கவே கூடாது. சம்மதம் இல்லையென்றால் ஃபோனைக் கடைசியில் வைத்து உங்களை மட்டும் எடுங்கள், பிள்ளைகளின் முதுகுதான் தெரியும். அதுவும் வேண்டாம் என்றால் குரல் மட்டும் போதும். உங்கள் குரலைக் கேட்டாலே நீங்கள் கேள்வி கேட்டுவிட்டு எத்தனை நொடி காத்திருக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் ஒரு நொடிகூட இருக்காது. ஆழமாக யோசிக்கும் பிள்ளைக்கு அது போதாது.


கணக்கு டீச்சர்:

வகுப்பு தாண்டுவது பற்றி எனக்கும் உங்களைப் போலவே பயம் இருந்தது. ஆனால் இந்தத் துறையில் ஆய்வு ஆதாரம் மிக வலுவாக இருக்கும் விஷயங்களில் அதுவும் ஒன்று. அயோவா பல்கலைக்கழகத்திலிருந்து 2004-இல் வந்த பெரிய அறிக்கை ஒன்று, ஐம்பது வருட ஆய்வுகளைத் தொகுத்து, சரியாகத் தேர்ந்தெடுத்து வேகப்படுத்திய பிள்ளைகள் படிப்பில் முன்னேறுகிறார்கள், நட்பிலும் மனநிலையிலும் பொதுவாகப் பாதிக்கப்படுவதில்லை என்று சொன்னது. அதோடு வேகப்படுத்த 18 வழிகளையும் பட்டியலிட்டது, முழு வகுப்பைத் தாண்டுவது அதில் ஒன்று மட்டுமே. கணக்கு பீரியடுக்கு மட்டும் எட்டாம் வகுப்புக்கு அனுப்பிவிட்டு மற்றதெல்லாம் தன் நண்பர்களோடு என்று வைக்கலாம். அப்பாவிடம் அதிலிருந்து பேச்சை ஆரம்பியுங்கள். முக்கியமாக, பையனிடம் கேளுங்கள். அவனுக்கு விருப்பமில்லாமல் செய்யவே கூடாது.

பெயர் வைப்பது பற்றி: 1998-இல் முல்லர், டுவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு செய்த பரிசோதனை எனக்கு ரொம்ப உதவியது. ஒரே புதிர்களை நன்றாகச் செய்த பிள்ளைகளில் சிலரிடம் "நீ புத்திசாலி" என்றார்கள், சிலரிடம் "நன்றாக உழைத்தாய்" என்றார்கள். பிறகு கடினமானது கொடுத்துத் தோற்க வைத்தபோது புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள்தான் சீக்கிரம் சோர்ந்தார்கள், அடுத்ததில் முன்பைவிட மோசமாகச் செய்தார்கள். நான் இப்போது "இந்தப் படியை எப்படி யோசித்தாய்" என்று மட்டும் கேட்கிறேன். பாராட்டைவிட அந்தக் கேள்விக்குத்தான் அவர்கள் முகம் மலர்கிறது.


நான்காம் பீரியட்:

பத்து நாள் கழித்து வருகிறேன். தேன்சிட்டு அவர்களின் பதிவை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன், அவரும் ஆசிரியர்தான். இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசினோம். சரி, எதிர்த்துப் பேசுவதற்கு முன் ஒருமுறை செய்து பார்க்கலாம் என்று அந்த நட்சத்திரக் கணக்கைச் செய்தேன்.

நடந்தது இதுதான். ஒன்பது பேர் முயன்றார்கள். மூன்று பேருக்கு நான்கோ அதற்கு மேலோ சரியாக வந்தது. அதில் இருவர் நான் எதிர்பார்த்தவர்கள். மூன்றாமவன், மெல்லக் கற்பவன் என்று நான் பட்டியலில் எழுதி வைத்திருந்த பையன். ஐந்தும் சரி. காப்பி அடித்தானோ என்று பக்கத்தில் கூப்பிட்டு வேறொரு கணக்கு சொன்னேன். வாயாலேயே போட்டான். அவனுக்கு எழுத்துதான் வரவில்லை. பின்வரிசை சார், உங்களை நினைத்தேன்.

ஆனால் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கும் பெண்ணுக்கு ஐந்தில் ஒன்றுதான் வந்தது. தாளைக் கிழித்துவிட்டு அழுதாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மீதிக் கணக்குகளைப் போடு என்று சொல்லிவிட்டேன். அது தப்பு என்று தோன்றுகிறது, ஆனால் எது சரி என்று தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?


பின்வரிசை:

சார், அந்தப் பையனை எழுத வைக்காமல் வாயால் சொல்ல வைத்து ஒரு தேர்வு நடத்திப் பாருங்கள். அவன் எதிரிலேயே அவன் சொல்வதை நீங்கள் எழுதுங்கள். எனக்கு ஒரே ஒருவர் அப்படிச் செய்தார், ஒன்பதாம் வகுப்பில், ஒரே ஒருமுறை. இன்றைக்கும் மறக்கவில்லை.


தேன்சிட்டு:

அந்தப் பெண்ணின் இடத்தில் என் மகள் இருந்தாள். தோற்பது அவளுக்குப் புதுசு சார், அதனால்தான் அழுகிறாள். என் மகளின் எட்டாம் வகுப்பு டீச்சர் ஒருநாள் தன்னாலேயே உடனே போட முடியாத ஒரு கணக்கைக் கொண்டுவந்து, போர்டில் எல்லோர் முன்னாலும் தடுமாறி, அழித்து, மறுபடி போட்டுக் காட்டினார். நாற்பது நிமிடம் ஆனதாம். "டீச்சருக்கே வரலம்மா" என்று ஆச்சரியமாகச் சொன்னாள். அன்றுதான் முதல்முறையாக வீட்டில் ஒரு கணக்கோடு அரைமணி நேரம் உட்கார்ந்தாள்.


பயிற்றுநர்:

இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: ஐந்தையும் தனியாகச் செய்யச் சொல்லாமல் ஒரு கணக்கை மட்டும் இன்னொருவரோடு சேர்ந்து போட விடுங்கள், விடை வராவிட்டாலும் எதுவரை வந்தோம் என்று எழுதச் சொல்லுங்கள். எழுதியதை நீங்கள் படித்தீர்கள் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். சார், நீங்கள் இந்தப் பத்து நாளில் செய்ததைத்தான் எங்கள் பயிற்சியில் இரண்டாம் வாரத்தில் செய்யச் சொல்கிறோம்.


வெண்பலகை:

8 வாரப் பயிற்சியில் சேர்ந்துவிட்டேன். கேட்கச் சொன்ன கேள்விகளைக் கேட்டேன், ஒரு பயிற்சியாளருக்கு 12 ஆசிரியர்கள், எழுதிக் கொடுத்தால் ஐந்து நாளில் பதில் என்று தெளிவாகச் சொன்னார்கள். பரீட்சை வாரத்தில் ஒரு வேலையைத் தள்ளிக் கொடுக்கவும் அனுமதி உண்டாம். தலைமையாசிரியரிடம் பேசி, வியாழக்கிழமை கடைசி பீரியடை எனக்கு ஓய்வாக மாற்றித் தரச் சொன்னேன், ஒத்துக்கொண்டார். இரவு ஒன்பது மணி வேண்டாம் என்று நான்காம் பீரியட் சார் எழுதியதைப் படித்துத்தான் கேட்டேன்.

அந்தப் பையனிடமும் பேசினேன். கணக்குக்கு மட்டும் எட்டாம் வகுப்பில் போய் உட்காருகிறாயா என்றேன். யோசித்துவிட்டு, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் போகிறேன், மீதி நாள் இங்கேயே இருக்கிறேன், ஆனால் அந்த 20 கணக்கு வேண்டாம் டீச்சர் என்றான். இனி கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

பயிற்சியில் ஜோடி சேர்க்கும் ஏற்பாடு இல்லை, நாமே யாரையாவது சேர்த்துக்கொள்ளலாமாம். இங்கே யாராவது வருகிறீர்களா? வாரம் 20 நிமிடம், ஒருவர் குறிப்பை ஒருவர் படிக்க வேண்டும்.


நான்காம் பீரியட்:

நான் வருகிறேன் டீச்சர். நேற்று இரவு நானும் பதிவு செய்துவிட்டேன். வியாழன் கடைசி பீரியட் எனக்கும் ஓய்வுதான். மூன்று பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்களா? என்னுடைய மூன்றாவது யார் என்று முடிவு செய்ய முடியவில்லை, இரண்டு பேர் மேல் எரிச்சல் வருகிறது.